கட்டிய படகில் குடித்தனம்: கடைமடைக்கு வரும் ஓய்வுக்காலத் தம்பதிகளுக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு படகை வாங்கிக் கரையோரம் கட்டி அதிலேயே குடியிருக்கலாம், நினைத்த அன்று பஸ் ஏறிக் கோயில் குளம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. காவிரி டெல்டாவின் கடைமடையில், அதாவது ஆறுகள் கடலை எட்டும் கடைசிப் பகுதியில், இது முடியும். ஆனால் ஆலப்புழையின் படகு வீடான கெட்டுவள்ளத்தை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே துறையில் குடிநீர்க் குழாய் இருக்காது, கரண்ட் பெட்டி இருக்காது, கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய ஆள் வரமாட்டார். எல்லாவற்றையும் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கரையில் ஒரு வீடோ, வாடகை அறையோ, பிள்ளைகள் வீடோ இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். வருஷத்தில் மூன்று மாதம் படகை விட்டு வெளியே இருந்தாக வேண்டும்.

முதலில் காலண்டர்

பொங்கல் கழித்து ஏறி, புரட்டாசி முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலம்; புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, நன்றாகக் கட்டிய படகுகள்கூட ஒன்றோடொன்று மோதி உடைந்தன, கரைமேல் தூக்கி வீசப்பட்டன. எவ்வளவு தடித்த கயிறானாலும் அந்தக் காற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெயில் வாட்டும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத விசைப்படகுகள் எல்லாம் துறையில் அடைந்து நிற்கும். ஃபைபர் ஒட்டுகிறவர், ஆசாரி, பெயின்டர் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். படகைக் கரையேற்றும் தளத்திலும் இடம் இருக்காது. அதனால் அடிப்பக்கம் சுரண்டி வண்ணம் பூசும் வேலையை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிப்ரவரியிலேயே ஆளிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வந்தபின் ஆற்று முகத்தில் நீரோட்டம் மாறும், ஆகாயத்தாமரையும் கூடவே வரும்.

எங்கே கட்டுவது

கடலோரத்துக்குச் சற்று மேலே ஆறுகளின் குறுக்கே, ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் கடைசி ரெகுலேட்டர் இருக்கும். அதற்கு மேற்கே கட்டினால் மாசி, பங்குனியில் ஆறு வற்றிப் படகு மணலில் உட்கார்ந்துவிடும். ரெகுலேட்டருக்குக் கிழக்கே, கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியில்தான் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஷட்டர் வாயை ஒட்டியும் கட்டாதீர்கள். வெள்ளம் வரும் இரவில் ஷட்டரை உயர்த்தினால் நீரின் வேகம் சில நிமிடத்தில் மாறிவிடும். ஆற்றின் உள்வளைவுப் பக்கம் நீரோட்டம் குறைவு, ஆனால் வண்டல் சேரும். வெளிவளைவில் ஆழம் இருக்கும், கரை அரிக்கும். இரண்டுக்கும் நடுவே நேராக ஓடும் துண்டுதான் சரியான இடம்.

ஆழத்தை மே மாதம், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், வற்றம் முழுக்க இறங்கிய நேரத்தில் மூங்கில் கழி விட்டுப் பாருங்கள். படகு மூன்றடி நீரில் மூழ்கி நிற்குமானால் அப்போதும் நான்கரை அடி இருக்க வேண்டும். நாகை கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி ஏற்ற வற்ற வித்தியாசமே ஏறக்குறைய முக்கால் மீட்டர்தான். ஆற்றுக்குள் போகப்போக அதுவும் குறையும். இதனால் கயிறு கட்டுவது சுலபம். ஆனால் தரைதட்டிய படகை அடுத்த ஏற்றம் தூக்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இடம் பிடித்திருந்தால் அலுவலகத்துக்குப் போகுமுன் அந்த ஊர் மீனவப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். வலை காயப்போடும் இடம், வள்ளம் இழுக்கும் இடம், மீன் ஏலம் போடும் இடம் எது என்று அவர்கள் சொல்வார்கள். அதைவிட்டு விலகிக் கட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. கேட்காமல் கட்டினால் கையில் எத்தனை அனுமதிக் காகிதம் இருந்தாலும் நிம்மதி இருக்காது. அதன்பின் ஆற்றங்கரைக்கு நீர்வளத் துறை, மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன்வளத் துறை, சிறு துறைமுகப் பகுதிக்குத் தமிழ்நாடு கடல்சார் வாரியம். காரைக்கால் அரசலாற்றில் கட்டினால் அது புதுச்சேரி அரசின் எல்லை. கேட்க வேண்டிய இடங்கள் வேறு. கடல்நீர் ஏறும் ஆற்றங்கரைக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும் என்பதால் சிமென்ட் மேடை, நிரந்தரத் துறை கட்டும் எண்ணம் வேண்டாம். பிடுங்கி எடுக்கக்கூடிய முளையும் பலகையுமே போதும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரையும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. அங்கே பகலில் அனுமதி பெற்றுச் சுற்றிப் பார்க்கலாம், குடியிருக்கக் கட்ட இடமில்லை.

படகு பார்ப்பது

இரண்டு பேருக்கு 35 முதல் 40 அடி நீளம், 12 அடிக்குக் குறையாத அகலம் போதும். நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். குறுகலான படகு, ஒருவர் ஓரத்தில் நடந்தாலே சாயும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகாது. பழைய மரப் படகு மலிவாகக் கிடைக்கும். உப்புநீரில் மரம் துளைக்கும் புழு, வெளியே ஊசிமுனை அளவு துளை விட்டு உள்ளே முழுப் பலகையையும் கூடாக்கியிருக்கும். கரையேற்றி, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. பொத்தென்றால் அந்த இடத்தில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பலகை போய்விட்டது. ஃபைபர் படகிலும் இதே சோதனைதான். என்ஜின் உட்காரும் கட்டை, பின்பலகை, அடிப்பக்க மூலைகள் மூன்றையும் விடாதீர்கள். கரையேற்றிக் காட்ட மறுக்கிற படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மீன்பிடிப் படகாகப் பதிவானதை வாங்கினால் பெயர் மாற்றம் மட்டும் போதாது, பயன்பாட்டையும் மாற்ற வேண்டும். மீனவர்களுக்குத் தரும் வரிவிலக்கு டீசலில் உங்களுக்குப் பங்கு கிடையாது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் என்ஜின் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, காப்பீடு ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கேட்கிறது. இவை முடியாமல் குடியேறாதீர்கள். என்ஜினை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கியர் போட்டு ஓட்டுங்கள். ஓடாத என்ஜின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து நின்றுவிடும்.

அடியில் உள்ள இரும்பையும் புரொப்பெல்லர் தண்டையும் காக்கத் துத்தநாகக் கட்டி வைப்பார்கள். உப்புநீரில் அது தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். ஆனால் மழைக்காலத்தில் முகத்துவாரம் வரை நன்னீர் ஓடும்போது அதன்மேல் தோல் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் டெல்டாவுக்கு அலுமினியக் கட்டியே பொருத்தம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

கயிறு

இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நாற்பதடிப் படகுக்கு 18 அல்லது 20 மில்லிமீட்டர் நைலான் கயிறு. நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு மலிவு, ஆனால் இழுபடாது. அலை அடிக்கும்போது அந்த அடி முழுக்க முளையிலும், படகில் கயிறு மாட்டும் கொண்டியிலும் இறங்கும். வெயிலில் அது பொடிந்தும் போகும். நைலான் இழுபட்டு அடியை வாங்கிக்கொள்ளும்.

கரையில் இரண்டு சவுக்குக் கட்டை முளைகள் போதாது, நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது ஆறடி மண்ணுக்குள், தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து. வண்டல் மண்ணில் மூன்றடி முளை இரண்டு மழைக்குப் பிறகு ஆட ஆரம்பிக்கும். படகின் அணியத்தை (முன்முனையை) நீர் வரும் திசைக்கு வைத்துக் கட்டுங்கள். அணியத்திலிருந்து ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து முன்னும் பின்னும் சாய்ந்தபடி இரண்டு குறுக்குக் கயிறுகள். படகு முன்னும் பின்னும் நகராமல் நிறுத்துவது இந்த இரண்டும்தான். பலர் இவற்றை விட்டுவிட்டு, ஏறுபலகை ஏன் தினமும் கழன்று விழுகிறது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஒவ்வொரு கயிறும் நீளமாக, சாய்வாக இருக்கட்டும். நேர் குறுக்கே குட்டையாகக் கட்டினால் வற்றத்தின்போது படகு கயிற்றில் தொங்கும்.

கயிறு அறுவது நடுவில் அல்ல, கொண்டியில் உரசும் அந்த ஒரு சாண் இடத்தில்தான். அங்கே பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறிப் போர்த்திச் சணலால் கட்டுங்கள். வாரம் ஒருமுறை குழாயை நகர்த்திப் பாருங்கள். உள்ளே கயிற்றின் இழை பஞ்சாகத் தெரிந்தால் அன்றே கயிற்றை முனை மாற்றிக் கட்டுங்கள், அடுத்த வாரம் என்று விடாதீர்கள். பக்கவாட்டில் தாங்கலுக்குப் பழைய லாரி டயர் போதும், கம்பியில் தொங்கவிடாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். டயரின் அடியில் ஒரு துளை போட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வளராது.

தண்ணீர் வரத்து உள்ள நாட்களில் ஆகாயத்தாமரை அணியத்தில் வந்து அடையும். முதலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரவோடு இரவாக அது பெரிய பாயாகச் சேர்ந்து, அதன் பாரம் முழுதும் முன்கயிற்றில் விழும். காலை, மாலை நீண்ட துரட்டியால் தள்ளிவிட வேண்டும். இந்த வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் ஒருவருக்கு மாதச் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள்.

ஏறுபலகை

அறுபது தாண்டியவர்களுக்குப் படகில் நேரும் விபத்தில் பெரும்பாலானது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மீனவர்கள் ஓடி ஏறும் ஒற்றைப் பலகை உங்களுக்கு உதவாது. இரண்டடி அகலம், ஓரடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், இரு பக்கமும் இடுப்புயரக் கைப்பிடி. கரைமுனையை முளையில் கட்டுங்கள். படகுமுனையில் சின்ன உருளை வைத்துக் கட்டாமல் விடுங்கள், ஏற்ற வற்றத்துக்கு அது தானே நகரும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது சலித்த ஆற்றுமணலைத் தூவி, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் வழுக்காது.

பின்பக்கத்தில் தண்ணீருக்குள் மூன்றடி இறங்கும் நிரந்தர ஏணி கட்டாயம். விழுந்தவர் கைப்பலத்தால் மேலே ஏறிவிடுவார் என்பது அந்த வயதில் நடக்காது, மேலே இருப்பவராலும் தூக்க முடியாது. இரவில் வெளியே வந்தால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் கழிவறையும்

குடிக்கவும் சமைக்கவும் இருவருக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டரை நாள் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அளவாகச் செலவழித்தால் 80 லிட்டர். 250 லிட்டர் தொட்டி இரண்டை அடித்தட்டில் இடமும் வலமுமாக வைத்தால் ஐந்தாறு நாளைக்குத் தாங்கும். ஒரே பெரிய தொட்டி வேண்டாம். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப் படகைச் சாய்க்கும். கூரைமேல் தொட்டி வைப்பது அதைவிட ஆபத்து, கால் டன் எடை உச்சியில் உட்காரும். கடலோர ஊர்களில் கிணற்றுநீர் உப்பு, அதைக் குளிக்கக்கூடத் தொட்டியில் ஏற்றினால் குழாயும் பம்பும் சீக்கிரம் கெடும்.

கழிவறைத் தண்ணீரை ஆற்றில் விடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் கால் கழுவுவார், வலை அலசுவார். சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிவறைதான் படகுக்குச் சரி. முசிறிப் பக்கம் ஈக்கோசான் கழிவறையைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு கை தென்னை நார்க்கழிவும் ஒரு கை சாம்பலும். நாற்றம் வந்தால் காரணம் ஒன்றுதான், ஈரம் கலந்துவிட்டது, நார்க்கழிவைக் கூட்டுங்கள். வாளி நிரம்பியதும் கரையில் உங்கள் சொந்த இடத்துக் குழியில் மூடி, ஒரு வருஷம் தொடாமல் விடுங்கள்.

கரண்டும் காஸும்

கணக்கு எளிது. 30 வாட் ஃபேன் இரண்டு, பன்னிரண்டு மணி நேரம்: 720 வாட்-மணி. 12 வோல்ட் சின்ன ஃபிரிட்ஜ்: 500. விளக்கு, போன், ரேடியோ: 200. ஆக ஏறக்குறைய 1,400. 330 வாட் சோலார் பலகை இரண்டு, நஷ்டம் போக நல்ல வெயிலில் 2,000க்கு மேல் கொடுக்கும். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி இரண்டில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 1,800. மேகம் மூடினால் ஒரு இரவு கடக்கும். பேட்டரிகளைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். மேலே காற்றுப் போக்கி உள்ள தனிப்பெட்டியில் வையுங்கள். சாதாரணச் செம்புக் கம்பி உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும், வெள்ளீயம் பூசிய கம்பி கேட்டு வாங்குங்கள்.

படகின் அடியில் கசியும் தண்ணீர் சேரும் இடம் அடிக்குழி; அதை இறைக்கும் பம்பின் கம்பியை மெயின் சுவிட்சுக்குப் போகாமல் ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரியில் கொடுங்கள். வெளியூர் போகும்போது பழக்கத்தில் மெயினை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, அடிக்குழியில் படியும். அங்கே பம்பின் ஒரு பொறி போதும். சிலிண்டரை மேல்தட்டில், அடியில் வெளியே திறக்கும் துளை உள்ள பெட்டியில் வையுங்கள். இருவருக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் படுக்கக் கூடாது.

வெயிலுக்குக் கூரைமேல் ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் சட்டத்தில் தென்னங்கீற்று வேய்ந்தால் உள்ளே வித்தியாசம் நன்றாகத் தெரியும். சமையலறைக்கு மேலே மட்டும் தகரம் போடுங்கள். உள்ளே பலகை வேலைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைத் தவிர வேறு எதுவும் தாங்காது. கொசுவலையை அவ்வப்போது விரிக்கும்படி வைக்காமல் சன்னல் சட்டத்தில் நிரந்தரமாக அடித்துவிடுங்கள்.

வெளியூர் போவது

நாகையை ஒட்டிக் கட்டியிருந்தால் நாகூர், வேளாங்கண்ணி, சிக்கல் எல்லாம் அரைநாள் வேலை. தரங்கம்பாடியும் 1620இல் எழுந்த டேனிஷ் கோட்டையும் ஒரு பகல். திருவாரூர், தஞ்சாவூருக்கு ரயில் உண்டு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும், ஆகவே ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு கோயில், எட்டு மணி பஸ் என்றால் ஒன்று. சாதாரண டவுன் பஸ்ஸில் தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020இலிருந்து நிறுத்தப்பட்டுள்ளது. கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தை, மாசியிலேயே போய்விடுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. அங்கிருந்து கோடியக்கரைக்குச் சாலை வழி. கும்பகோணத்து மகாமகம் அடுத்து 2028இல். அந்த மாசியில் போக நினைப்பவர்கள் அறைக்கு இப்போதே வழி பார்ப்பது நல்லது.

கிளம்புமுன் வரிசையாக ஐந்து வேலை: சிலிண்டர் வால்வை மூடுவது, படகின் அடித்துளை வால்வுகள் எல்லாவற்றையும் மூடுவது, தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓடவைக்கும் மிதவையைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா பார்ப்பது, கயிறுகளைத் தொட்டுப் பார்ப்பது, பக்கத்துப் படகுக்காரரிடம் சாவியும் போன் எண்ணும் கொடுப்பது. இரண்டு இரவுக்கு மேல் வெளியே தங்கினால் காவலுக்கு ஒருவர் படகிலேயே படுக்கட்டும். ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதை உடன் எடுத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் மருந்து கெட்டதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை வைத்து முடிவு எடுங்கள். ஒன்று, இரண்டு ஏறினால் கீற்றையும் சோலார் பலகையையும் இறக்கி, கயிறுகளை இரட்டையாக்குங்கள். மூன்றாம் எண் ஏறியதும் மருந்து, கண்ணாடி, ஆவணங்கள் வைத்த பை மூன்றையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுங்கள். படகைக் காப்பாற்ற ஒருவர் மட்டும் தங்குவது என்ற பேச்சே கூடாது. கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் படகு என்று சொன்னால் இடம் புரியாது. அருகிலுள்ள கோயில், பாலம், ஐஸ் ஃபேக்டரி எதையாவது அடையாளமாக எழுதி ஏறுபலகைப் பக்கம் ஒட்டிவையுங்கள்.

படகு முகவரியாகாது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கி, காஸ் இணைப்பு எல்லாம் கரை வீட்டு முகவரியிலேயே இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பது நவம்பரில்; 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அந்த மாதங்களில் நீங்கள் எப்படியும் கரையில்தான் இருப்பீர்கள், ஆகவே அதற்கென்று தனியாக ஒரு பயணம் தேவைப்படாது.